அப்பாவின் வலது கை

வாதத்தில் விழுந்த அப்பாவின் வலது கைக்காக இளம்பரிதிக்கு வருமான வரியில் சலுகை கிடைத்தது. மகளின் மருந்துச் செலவு அதில்தான் ஓடியது. ஜனவரி பிறந்தால் வரித்துறையின் சோதனை இயந்திரம் வீட்டுக்கே வரும். அப்பாவின் கையில் ஒரு பந்தை வைக்கும். பிடிக்க முடியாவிட்டால் சலுகை தொடரும்.

இந்த ஜனவரியில் அப்பா அந்தக் கையாலேயே டம்ளரைத் தூக்கிக் காபி குடித்தார். வருடம் முழுக்க எண்ணெய் தேய்த்து, விரல்களை மடக்கி நீட்டிப் பழக்கியவன் இளம்பரிதிதான்.

இயந்திரம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது.

அப்பா இரும்புக் கதவின் இடுக்கில் விரல்களை வைத்தார்.

"சாத்துடா."

"என்னால முடியாதுப்பா."

"அப்ப உன் பொண்ணு சாகட்டுமா? சாத்துடா!"

இளம்பரிதி அறைந்து சாத்தினான். எலும்புகள் நொறுங்கின. கதவில் ரத்தம் வழிந்தது. துண்டைக் கடித்திருந்த அப்பா முனகியபடி சரிந்தார்.

கட்டுப் போட்ட கையிலிருந்து பந்து உருண்டு விழுந்தது. இயந்திரம் காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"சலுகை தொடர்கிறது. வாழ்த்துகள்."

கட்டுப் பிரித்த அன்று, பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தான் இளம்பரிதி. அப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம்டா. மறுபடியும் சரியாயிடப் போவுது."