மூன்றாவது மனுஷன்

அண்ணனின் அச்சகத்து வாசலில் நின்ற வெண்கலச் சிலையைப் பார்த்ததும் தம்பிக்காரருக்குச் சுருக்கென்றது.

முகமில்லை, மூக்கில்லை. நெடுநெடுவென்று மூன்று உருவங்கள், தோளோடு தோள் ஒட்டி நின்றன. நவீன சிற்பமாம். கீழே பலகையில் 'எங்கள் குடும்பம்' என்று எழுதியிருந்தது.

"எண்ணிப் பாரு," என்றார் மனைவியிடம். "அப்பா, அம்மா, அண்ணன். நான் எங்கே?"

"நீங்கதானே அண்ணனோட சண்டை போட்டுட்டு, செத்தாலும் இந்தப் படி ஏற மாட்டேன்னு போனீங்க?"

"அதுக்காக? கூடப் பொறந்தவன் இல்லவே இல்லைன்னு ஆக்கிடறதா?"

பல வருஷக் கோபத்தை எப்படியோ கரைத்து, அண்ணனைப் பார்க்க அவரை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருந்தாள் மனைவி. மாடியில்தான் அண்ணனின் அறை. எல்லாம் வாசலோடு பாழாகப் போகிறதே என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்தது வந்தோம், ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடலாங்க."

"நீ வேணா பேசிட்டு வா. நான் கிளம்பறேன்."

சிலைக்கு மெழுகு பூசித் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அதைச் செய்தவளே அவள்தான்.

"நீங்கதான் தம்பியா சார்? நல்லாத்தானே நடக்கறீங்க!"

"ஏன், எனக்கென்ன கேடு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றாவது உருவத்தைக் காட்டினாள். மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு கால்கள். அதற்கு மட்டும் ஒன்றுதான்.

"'என் தம்பி எதுக்கெடுத்தாலும் ஒத்தக்கால்ல நிப்பான்'னு உங்கண்ணன் சொன்னார். நான் நிஜமாவே கால் இல்லைன்னு நெனச்சு வார்த்துட்டேன் சார். வந்து பார்த்தவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, 'மாத்தாதேம்மா, அவனேதான்'னுட்டார்."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்த ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ... அண்ணன் எங்கே?"

"நானும் கேட்டேன் சார். 'நான் பக்கத்துல நின்னா அவன் மறுபடியும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாம்மா. நான் தினம் எதிர்ல நின்னு பார்த்துக்கறேன்'னார்."