சவரிமுத்துவின் கறிச் சீட்டு

நிஜ ஆட்டுக்கறி மருந்துக்கடையில் மட்டுமே கிடைத்த காலம் அது. ஊரே மரவள்ளி மாவில் செய்த மட்டன் சுக்காவைத் தின்று ஆரோக்கியமாக இருந்தது. அந்த மாவு ஆகாத சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் வாரம் ஒரு கிலோ கறிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திண்டுக்கல் சவரிமுத்துவுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. பத்து வருடமாக எட்டிப் பார்க்காத மைத்துனன் அந்தோணி, ஞாயிறு தவறாமல் வந்து, "சுகர் எப்படியிருக்கு மாமா?" என்று பாசத்தோடு விசாரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

ஒருநாள் டாக்டர் கைகுலுக்கினார். "சுகர் நார்மலாயிடுச்சு. இனிமே சீட்டு கிடையாது."

கேட்டதும் மனைவி லூர்து அழுதேவிட்டாள். "வர்ற ஞாயிறு சம்பந்தி வர்றாங்களே, மாவையா வைக்கிறது?"

அந்தோணி ஓடிப்போய் நான்கு பொட்டலம் மாவுச் சுக்கா வாங்கி வந்தான். "இதைச் சாப்பிட்டுட்டு மறுபடி டெஸ்ட் எடுங்க மாமா."

சவரிமுத்து குனிந்து காலைப் பார்த்தார். சர்க்கரையால் போன வருடம் ஒரு விரலை எடுத்திருந்தார்கள்.

"இன்னும் ஒம்பது இருக்குல்ல?" என்று அந்தோணி தைரியம் சொன்னான்.

இந்த ஒரு வருடமாகத்தான் அவரை நலம் விசாரிக்க வீட்டுக்கு ஆள் வந்தது. சவரிமுத்து முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.