பேர் எழுதாத கட்டம்

“இருபத்தாறு மணி நேரமாச்சுண்ணே. இன்னும் பேரைச் சொல்ல மாட்டேங்கிறீங்க” என்றாள் ஹம்சவேணி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அழகுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கை முழுக்கக் கட்டு. உள்ளே இரண்டு விரல்தான் மிச்சம் என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

இருவரும் வேலை பார்த்தது காளவாசல் பக்கம், பனியனில் படம் அச்சடிக்கும் கம்பெனியில். புதிதாக வந்த தானியங்கி மெஷினில், பனியன் மாட்டிய பத்துப் பலகைகள் நின்று நின்று ராட்டினம்போல் சுற்றும். சுற்றிலும் கம்பி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்.

நேற்று நிற்கவில்லை. பலகை நின்ற ஒரு நொடியில் மைக்கட்டியைத் துடைக்கக் கை நீட்டினார் அழகுமலை. அடுத்த சுற்று கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

கதவு நிலையில் ஒரு சின்னக் காந்தம், டேப் போட்டு ஒட்டியிருந்தது. அது அங்கே இருக்கும்வரை, கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும்.

“ஒட்டுனது நாந்தான்னு நேத்தே சொல்லிட்டேனே மேடம். மெஷின் நின்னு நின்னு போனா, கலர் ஒண்ணோட ஒண்ணு சேர மறுபடி பத்து நிமிசமாகுது. முதலாளி தலைக்கு மேல நின்னு கத்துறாரு. நான் என்ன செய்ய?”

“ஒட்டினது யாருன்னு நான் கேக்கலையே. அதை ஒட்டினா மெஷின் ஓடும்னு உங்களுக்குச் சொன்னது யாரு?”

அழகுமலை இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முதலாளி ஸ்ரீனிவாஸ் காலையில் அவளைக் கூப்பிட்டு, விபத்து விவரம் எழுதும் ஃபாரம் ஒன்றை நீட்டியிருந்தார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று, இருவருக்கும் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில்தான் பேசினார். “எட்டாவது படிச்சவனுக்கு இது தானாத் தோணாது. விஷயம் தெரிஞ்ச யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தப் பேரை இந்தக் கட்டத்துல எழுதி அஞ்சு மணிக்குள்ள கொண்டா. அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிடறேன். அழகுமலைக்குக் கை ஆறினதும் வேற வேலை போட்டுக் கொடுக்கறேன். பேர் இல்லைன்னா அழகுமலைதான் போகணும்.”

பதினாலு பேரிடம் கேட்டுவிட்டாள். அவள் பக்கத்தில் போனாலே ஆளுக்கொரு வேலை வந்தது.

“விடுங்க மேடம்” என்றார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணன். அதே மெஷினில் அழகுமலைக்கு ஜோடி. “மாப்ள அவன் பொண்டாட்டிகிட்டயே நெசம் பேச மாட்டான். உங்ககிட்டயா பேசப் போறான்?”

“நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களா?”

“நானா? டி.வி. ரிமோட்டுல பேட்டரி மாத்தவே மகளக் கூப்பிடுற ஆளு மேடம் நானு.”

“மெஷின் மாட்ட வந்த கோயமுத்தூர்க்காரரா?”

“அய்யோ, அவரு பாவம். அவர இதுல இழுக்காதீக” என்றார் அழகுமலை.

ஹம்சவேணிக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. இயற்பியல் படித்து முடித்து, அங்கே மேற்பார்வைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியும், யாரையும் அதட்டியதில்லை. இப்போது குரல் தானாக உயர்ந்தது.

“பின்ன யாருண்ணே? அந்த ஆள் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உங்க கை இப்ப முழுசா இருந்திருக்கும். கூட இருந்தே உங்க விரலை வெட்டியிருக்காங்க. அவங்களைப் போய்க் காப்பாத்துறீங்களே!”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கெட்ட எண்ணத்துல சொல்லல மேடம்” என்றார் அழகுமலை மெதுவாக. “நல்லவுகதான்.”

“இவ்வளவு மரியாதையாச் சொல்றீங்க. அப்ப ஆபீஸ் ஆளா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கருத்தக்கண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. வேகம் வேகம் என்று கத்துகிறவர் யார்? மெஷின் நின்றால் யாருக்கு நஷ்டம்?

“முதலாளியா?”

அழகுமலை கண்ணைத் திறந்து கருத்தக்கண்ணனைப் பார்த்தார்.

“பயப்படாதீங்கண்ணே. அவர் பேரையே எழுதுறேன்.” பேனா மூடியைத் திறந்தாள். “என் வேலை போனாலும் போகட்டும்.”

“எழுதாதீக!” அழகுமலை பதறி எழ முயன்று, வலியில் அப்படியே சாய்ந்தார். “அவரு இல்ல.”

“மணி நாலு இருபது. இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. யாருண்ணே?”

“யாருமில்ல. எனக்காத் தோணுச்சுன்னு எழுதிக்கங்க. நான் போயிர்றேன்.”

அதுவரை சுவரோரம் குந்தியிருந்த அவர் மனைவி முத்துத்தாய் எழுந்தாள்.

“எங்கிட்டுப் போவ? மூணு புள்ளைகள வச்சுக்கிட்டு, ரெண்டு விரலோட எங்கிட்டுப் போவ?”

“முத்து, பேசாம இரு.”

“இருந்தேன்ல, நேத்துல இருந்து இருந்தேன்ல. கம்பெனியே கூடிப் பேசி வாயக் கட்டிக்கிட்டீக. அந்தப் புள்ள வேல போயிரும், அந்தப் புள்ள வேல போயிரும்னு இம்புட்டுப் பேரும் அழுகுறீக. எம்புள்ளைகளுக்கு யாரு அழுவா?”

“மாப்ள, கூட்டிட்டு வெளிய போ” என்றார் அழகுமலை. கருத்தக்கண்ணன் நகரவில்லை.

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக ஹம்சவேணியை நேராகப் பார்த்தாள்.

“எழுதுங்க மேடம். மெஷின் வந்த புதுசுல, கதவு தொறந்திருக்குன்னு இதுக்கு எப்படித் தெரியுதுன்னு இவரு கேட்டாராம். எங்காளுகளையும் மதிச்சு, ‘நல்ல கேள்விண்ணே’ன்னு சந்தோசப்பட்டு, அந்த எடத்துல ஒரு காந்தத்த வச்சு, கதவத் தொறந்துபோட்டு மெஷின ஓட்டிக் காமிச்சது நீங்கதானாம்.”