லேசான ஆள்

அந்தப் பெண் நாலாவது நாளும் வந்துவிட்டாள்.

காலை பத்து மணி. பள்ளிக்கூட நேரம் என்பதால் றஸாக்கின் வீடியோ கேம் கடையில் வேறு யாரும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் அந்த நேரமாகப் பார்த்து வருகிறாளோ என்று அவனுக்குப் பட்டது. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நெற்றியில் திருநீறு, வெளுத்துப்போன நூல் சேலை.

அங்கே வருகிறவர்கள் எல்லாம் மீசை அரும்பிய பெடியன்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நடக்கிற சண்டை விளையாட்டுப் போட்டிக்கு ஒலுவிலில் இருந்துகூட ஆள் வரும். முஸ்லிம் ஊரில் அப்படிப்பட்ட ஒரு கடையில் இந்தத் தமிழ் அக்காவுக்கு என்ன வேலை?

முதல் நாள் அவள் கேட்ட கேள்வியே றஸாக்குக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, இந்தச் சண்டை விளையாட்டில ஒண்டும் தெரியாத ஆள் ஆரை எடுத்தா லேசா இரிக்கும்?"

அதோடு விட்டாளா? கடை எத்தனை மணிக்குத் திறக்கும், யார் யார் வருவார்கள், பெண்பிள்ளைகளும் வருவார்களா என்றெல்லாம் விசாரித்தாள். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று அவன் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நாட்டில் யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்துவிட்டது. ஆனாலும் கொப்பியும் கையுமாக வந்து கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் ஊரில் யாரும் வாயைத் திறக்க யோசிப்பார்கள். இவளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று றஸாக் முடிவு கட்டினான். ஒன்று விசாரணைக்காரர்கள். இல்லாவிட்டால், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லிக் கடையை மூட வைக்கத் திரிகிறவர்கள்.

வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் பயம். அதனால் ஒரு வேலை செய்தான்.

புதிதாக விளையாட வருகிற எவனுக்கும் றஸாக் விளையாட்டில் வருகிற சண்டைக்காரர்களில் வெள்ளை உடுப்புக்காரனைத்தான் எடுத்துக் கொடுப்பான். ஒரு பொத்தானை அமத்தினால் போதும், பாய்ந்து பாய்ந்து உதைப்பான். அவளுக்கு அவனைக் காட்டவில்லை. தாடிக்கார மல்லனைக் காட்டி, "இவர்தான் லேசு" என்றான்.

மல்லன் எதிரியை ஒரு பிடி பிடிக்க வேண்டுமென்றால், கொன்ட்ரோலரில் உள்ள குச்சியை முழு வட்டமாகச் சுற்றி, சுற்றி முடிகிற அதே கணத்தில் பொத்தானை அமத்த வேண்டும். போட்டிக்கு வருகிற பெடியன்களிலேயே இரண்டு பேருக்குத்தான் அது கைவந்திருந்தது. ரெண்டு நாளில் அலுத்துப்போய் நின்றுவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் நிற்கவில்லை. தினமும் ஒரு மணித்தியாலம் இருந்து குச்சியைச் சுற்றினாள். மல்லன் அடி வாங்கி அடி வாங்கி விழுந்தான். ஒரு கிழமையில் அவளுடைய பெருவிரலில் கொப்புளம் போட்டது. மறுநாள் அதில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தாள். எங்கே பிழை விடுகிறேன் என்று ஒருமுறை கேட்டாள். பழகப் பழக வரும் என்று சொல்லிவிட்டு றஸாக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி றாபியாவிடம் இதைச் சொன்னான். நேரடியாகக் கேட்டுவிட்டால்தான் என்ன என்றாள் அவள். உளவு பார்க்க வந்தவள் உண்மையைச் சொல்வாளா என்று அவளுடைய வாயை அடைத்தான்.

பன்னிரண்டாம் நாள் வந்தவள் டீவிக்கு முன்னால் போய் உட்காரவில்லை. நேரே அவனுடைய மேசைக்கு வந்தாள். கையில் கொப்பியும் இல்லை. றஸாக்கால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. ஆரு உங்கள இங்க அனுப்பின?"

அவள் விழித்தாள்.

"என்னை ஆர் தம்பி அனுப்புற? நான் மகளுக்காக வந்தனான்."

பெயர் மீனாம்பிகை என்றாள். ஊர் வீரமுனை. ஒரே மகள் துசாந்தினி. பதினேழு வயதில் ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளையை வழியில் வைத்து இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் வீட்டுக்கு விட்டார்கள். வந்த நாளில் இருந்து ஒருவரோடும் கதை பேச்சு இல்லை. தங்கச்சியின் மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கேம் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. விடிந்தால் பொழுதுபட்டால் அதற்கு முன்னால் இருந்து இந்தச் சண்டை விளையாட்டுத்தான்.

"சும்மா போய்ப் பக்கத்தில இருந்தா எழும்பிப் போயிடுவாள் தம்பி. ரெண்டாவது கொன்ட்ரோலர் ஒண்டு பிடிக்க ஆளில்லாமக் கிடந்திச்சு. அதைப் பிடிச்சாலாவது என்னை இரிக்க விடுவாளெண்டு நினைச்சன்."

அந்த மல்லனை விடுங்கள், வேறு நல்ல ஆளாகக் காட்டித் தருகிறேன் என்று றஸாக் அவசரமாக எழும்பினான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நேத்து அவளுக்குப் பக்கத்தில இருந்து மல்லனைத்தான் எடுத்தன். கன நேரம் என்ர கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய் திறந்தாள் தம்பி. மூணு மாசத்தில அதுதான் முதல்தரம். 'ஆரம்மா உங்களுக்கு இவரை எடுக்கச் சொன்ன? இவர் மிச்சம் கஷ்டமான ஆள். உங்கள ஆரோ ஏமாத்திப்போட்டாங்க' எண்டாள். என்ர விரலைப் பிடிச்சுப் பார்த்து அழுதாள்."

றஸாக் தலை குனிந்துகொண்டான்.

"கடைக்காரத் தம்பி அப்பிடிச் செய்யிற ஆளில்ல எண்டு நான் அவளோட விடிய விடியச் சண்டை பிடிச்சன். நம்புறாளில்ல. உங்கள நேரில பார்த்துக் கேக்கணுமெண்டு தானாவே வெளிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாள். நீங்களே ஒருக்கா அவளுக்குச் சொல்லுங்க தம்பி."