இருபது கேபி

"இந்தப் படம் வேற யார் கைக்கும் போயிரக் கூடாது அண்ணாச்சி. தெரிஞ்சா என்னைச் சும்மா விட மாட்டானுவ."

கோமு டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் பிரவுசிங் சென்டரில் அவளையும் கடைக்காரர் ஆவுடையப்பனையும் தவிர யாருமில்லை.

திரையில், அவள் போனில் எடுத்த படம்: ஆற்றுக்குள் இறங்கித் திருட்டு மணல் அள்ளும் டிராக்டர். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் படம் பெரிதாக இருக்கிறதென்று புகார் இணையதளம் இரண்டு முறை ஏற்க மறுத்துவிட்டது.

"பிரவுசருக்குள்ளயே சுருக்கிரலாம் டீச்சர். படம் எங்கயும் வெளிய போவாது. சந்தேகமா இருந்தா, நெட் ஒயரைப் புடுங்கிட்டே செய்யுதேன்."

பிடுங்கினார். படம் சுருங்கியது. ஒயரை மறுபடி செருகிப் புகாரோடு அனுப்பினார். இம்முறை உடனே ஏற்றுக்கொண்டது.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கோமு சட்டென்று குனிந்துகொண்டாள். பைக் போய்விட்டது.

"போன்ல இருக்க படத்தையும் அழிச்சிருங்க டீச்சர். எவனாவது புடுங்கிப் பாத்தா வம்பு. இங்கன உள்ளதை நானும் அழிச்சிருதேன்."

அழித்தாள். "நீங்க இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேனோ" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, டீச்சர் ஒருத்தி நம்ம டிராக்டரைப் படம் புடிச்சிப் புகார் குடுத்திருக்கா. பயப்படாத. அந்த சைட்டு ஒரு எம்பி சைசு வரைக்கும் படத்தை ஏத்துக்கும், நான் வேணும்னே இருபது கேபிக்குச் சுருக்கிட்டேன். நம்பர் பிளேட்டு வெறும் வெள்ளைக் கட்டமாத்தான் தெரியும். ஒரிஜினல் இப்ப யாருகிட்டயும் கிடையாது. தைரியமா வண்டிய ஆத்துல எறக்கு."