வழியில் ஏறிய மூன்று பேர்

"யோவ், நிறுத்தாதேய்யா! வலியில துடிக்கிற பொண்ணை வச்சுக்கிட்டு வழியில ஆள் ஏத்தப் பாக்குறியே, நீயெல்லாம் மனுஷனா?"

ஜீப்பின் பின்சீட்டில் நாத்தனார் எகிறினாள். அவள் மடியில் தலை வைத்திருந்த தம்பி மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

டிரைவர் காதில் வாங்கினால்தானே! தையல் கடை வாசலில் பிரேக் போட்டான். கழுத்தில் தொங்கிய டேப்போடு தையல்காரர் ஓடி வந்து முன்னால் தொற்றிக்கொண்டார்.

அந்த மலைக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. இருப்பது இந்த ஒரே ஜீப். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்.

"அண்ணி... முடியல அண்ணி..."

"இதோ வந்தாச்சு கண்ணு. இந்த மகராசன் மனசு வச்சா சீக்கிரமே போயிடலாம்!"

மாவு மில் வந்தது. மறுபடியும் பிரேக். தலையெல்லாம் மாவோடு மில்காரர் ஏறினார். அடுத்த திருப்பத்தில் மூட்டையோடு ஒரு பெரியவர் கை காட்டினார். டிரைவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓஹோ, ஆள் பார்த்துத்தான் ஏத்துவியோ? மேல டாப்புலயும் பத்துப் பேரை ஏத்திக்கோயேன்!"

"டாப்பு எதுக்குக்கா? இன்னும் ஒரே ஒரு ஆள்தான். இடிச்சுக்கிட்டு உள்ளேயே உட்காரலாம்."

அந்த வலியிலும் தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாலத்தருகே, கையில் சாக்பீஸ் பொடியோடு ஒரு டீச்சர் நின்றிருந்தாள். அவளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது. ஹாரனை அலறவிட்டபடி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடியது.

நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவரிடம் திரும்பினாள்.

"அவளுக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

அதற்குள் நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டிரைவர், போன்ல சொன்னேனே, கூட்டிட்டு வந்தீங்களா? போன செக்கப்புலயே அந்தப் பொண்ணு உடம்புல ரத்தமே இல்லை. அந்த குரூப் எங்ககிட்ட ஒரு பாட்டில்கூட இல்லை!"

"மூணு பேர் சிஸ்டர். மூணு பேருமே ஓ நெகட்டிவ்."

தையல்காரரும் மில்காரரும் டீச்சரும் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மலைப்பாதையில யாருக்கு என்ன குரூப்னு எழுதி வச்சிருக்கேன்க்கா. போன் போட்டதும் போட்டது போட்டபடி வந்துட்டாங்க" என்றான் டிரைவர்.

நாத்தனார் பிரசவ அறை வாசலுக்கு ஓடினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து வீல் என்று ஓர் அழுகை. கதவு திறந்தது.

"பொம்பளைப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

நாத்தனார் ஓவென்று அழுதுவிட்டாள்.

"அடப்பாவி! வழியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன்னை அந்தத் திட்டு திட்டியிருப்பேனா?"

"சொல்லியிருந்தா, உயிருக்கு ஆபத்துங்கிறது அந்தப் பொண்ணு காதுலயும் விழுந்திருக்குமேக்கா. அதுக்கு உங்க திட்டு விழுந்தா பரவாயில்லைன்னு விட்டுட்டேன்."