ஒரே சுரம்

"ஏம்மா, ஒரே ஒரு சுரம்தான் ஊதுவேன்னு சொல்றியே, அதுக்குப் பேரு வாசிப்பா?"

வாலஸ் மாஸ்டர் மீசையை முறுக்கினார். வட கரோலினா மலைமேல் ஆண்டுதோறும் நடக்கும் லாரல் மேட்டு ஸ்காட்டிஷ் திருவிழாவில் பேக்பைப் எனும் பைக்குழல் வாசிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மைதானத்தில் எந்தக் குழல் ஊத வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதிலெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

மோர்னா அசையவில்லை. அவள் தோளில் ஒரு பழைய பேக்பைப். பக்கத்தில் அவளுடைய அண்ணன் கிரெய்க், கட்டம் போட்ட கில்ட் பாவாடையும் முழங்கால் வரை காலுறையுமாகத் தூண் மாதிரி நின்றான். ஒரு கை தங்கையின் முழங்கையைப் பற்றியிருந்தது.

"எங்கண்ணன் கம்பம் எறியறப்ப மட்டும் மாஸ்டர். மைதானத்தோட அந்தக் கோடியில நின்னு ஊதுவேன். எறிஞ்சதும் நிறுத்திடுவேன்."

"கம்பம் எறியற நேரத்துல நாங்களே ஊத மாட்டோம். எறியறவன் கவனம் சிதறும்."

"இவனுக்குச் சிதறாது. நடுவர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. நீங்கதான் பாக்கி."

"எதுக்கு ஊதணும்? அதைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

மேளம் அடிக்கும் ஹ்யூ சிரித்தான். "தங்கச்சி கையை விடாத பயில்வான்! தாலாட்டு இல்லாம கம்பம் தூக்க மாட்டாராக்கும்!"

கிரெய்க்கின் தாடை இறுகியது. மோர்னாதான் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மாஸ்டர், இவன் மூணு வருஷமா வீட்டு வாசலைத் தாண்டல. எங்க குலத்துக்காரங்க எத்தனை பேர் வந்து கூப்பிட்டும் பேசல. போன குளிர்காலத்துலதான் கொட்டகைக்குப் பின்னால போய்க் கம்பம் தூக்க ஆரம்பிச்சான். இன்னைக்கு அது நேரா விழலைன்னா, திரும்பவும் கதவைச் சாத்திக்குவான். அதுக்கப்புறம் எனக்குத் திறக்கத் தெரியாது."

வாலஸின் பார்வை கிரெய்க்கின் காலுறையில் விழுந்தது. மற்றவர்கள் எல்லாரும் முறைப்படி கருப்புப் பிடி போட்ட சின்னக் கத்தியைச் சொருகியிருக்க, இவன் மட்டும் தடியாக ஏதோ ஒரு வெள்ளைப் பிடியைச் சொருகியிருந்தான். அண்ணனுக்குக் கத்தியின் முறை தெரியவில்லை, தங்கைக்குக் குழலின் முறை தெரியவில்லை!

'முடியாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். காலையில் தேவாலயத்தில் குலத்துக் கட்டத்துணிகளை ஆசீர்வதித்த போதகர், உதவி கேட்டு வருகிறவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சரி, ஊதிட்டுப் போ. அவன் முறைக்கு மட்டும்!"

மூன்று ஆள் உயரமுள்ள அந்த மரக் கம்பம் எவ்வளவு தூரம் போகிறது என்று யாரும் அளப்பதில்லை. அது தலைகீழாகப் புரண்டு, எறிந்தவனுக்கு நேர் எதிரே, கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு முள் நிற்பதுபோல நீட்டிக்கொண்டு விழ வேண்டும்.

கிரெய்க்கைக் கோட்டருகே நிறுத்திவிட்டு, மோர்னா எதிர்க்கோடிக்கு ஓடினாள். இருவர் கம்பத்தை நிமிர்த்திக் கொடுக்க, கிரெய்க் குனிந்து அடியைக் கைகளில் ஏந்தி எழுந்தான். கூட்டம் ஆரவாரித்தது. மோர்னாவின் குழல் கிளம்பியது. ஒரே சுரம், நீளமாக.

அவன் நாலு அடி ஓடுவதற்குள் குழல் கிறீச்சிட்டு நின்றது. அவனும் தடுமாறினான். கம்பம் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு.

மோர்னா மூச்சிரைக்கக் குழுவின் கூடாரத்துக்கு ஓடி வந்தாள். "மலைப் பனியில சீவாளி ஊறிப்போச்சு மாஸ்டர்! நீங்க ஊதுங்க!"

"நானா?"

"அதே சுரம். இன்னொரு தடவை எறியலாம். நான் நின்ன எதிர்க்கோடியில போய் நின்னு ஊதுங்க. கூட்டத்து இரைச்சலை மீறிக் கேக்கணும். நகரக் கூடாது, நிறுத்தக் கூடாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்தார். அதற்குமேல் அவர் காரணம் கேட்கவில்லை.

போன வருடம் இதே மைதானத்தில் குழல் வாசிப்பில் முதல் பரிசு வாங்கியவர், இன்று எல்லார் முன்னாலும், நேற்றுக் கற்றுக்கொள்ள வந்த பையன்போல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர்! மத்த சுரத்தையெல்லாம் வித்துட்டீங்களா?" ஹ்யூ கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாலஸின் காது சிவந்தது. ஆனாலும் பையை அழுத்திய கையைத் தளர்த்தவில்லை.

மோர்னா மறுபடி கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்த கிரெய்க் தலையைச் சற்றே சாய்த்தான். இடது காலை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தான். பிறகு கம்பத்தை ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். நின்றான். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உந்தினான்.

கம்பம் எழுந்தது. வானத்தில் ஒரு கணம் யோசித்தது. புரண்டு விழுந்து, அதன் நுனி வாலஸின் நெஞ்சை நேராகச் சுட்டிக்கொண்டு கிடந்தது.

நடுவர் இரண்டு கைகளையும் உச்சிக்குத் தூக்கினார். மைதானம் அதிர்ந்தது. வாலஸ் குழலை வாயிலிருந்து எடுத்தார்.

"மோர்னா!" அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் கிரெய்க்கின் குரல் கேட்டது. "நேராவா விழுந்துச்சு?"

அவள் இரு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். கிரெய்க் குனிந்து, காலுறையிலிருந்த அந்த வெள்ளைப் பிடியை உருவினான். அது மடிப்பு மடிப்பாக விரிந்து ஒரு நீண்ட வெள்ளைக் கோலாகி, புல்லைத் தட்டித் தட்டித் திசை தேடியது.

வாலஸ் மாஸ்டர் குழலை மறுபடி வாயில் வைத்து, அவன் தன்னிடம் வந்து சேரும்வரை அந்த ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே நின்றார்.